புடைப்பு வால்பேப்பர் உரிய மறுக்கிறதா? சுவர் காட்டும் அறிகுறிகளும் செய்ய வேண்டியவையும்

பழைய வால்பேப்பரை, அதிலும் மேற்பரப்பு பொரிபொரியாகவோ பூவேலையாகவோ புடைத்திருக்கும் வகையை உரிக்கத் தொடங்கியவர்கள் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு மணி நேரம் சுரண்டியாகிவிட்டது. தரையில் தபால்தலை அளவில் நாற்பது துண்டுகள் கிடக்கின்றன. சுவரில் சுரண்டியின் மூலை குத்திய வடுக்களும் அதே எண்ணிக்கையில் இருக்கின்றன. தோள்பட்டை கடுக்கிறது. அந்த நேரத்தில் இன்னும் அழுத்திச் சுரண்டத்தான் கை போகும். தயவுசெய்து அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

வால்பேப்பர் ஒட்டும் பசை பெரும்பாலும் மாவுச்சத்தாலோ செல்லுலோஸாலோ ஆனது. எத்தனை ஆண்டுகள் காய்ந்து இறுகிக் கிடந்தாலும் ஈரம் பட்டால் திரும்பவும் கூழாகிவிடும். பாத்திரத்தில் காய்ந்துபோன கஞ்சியை யாரும் உடனே தேய்ப்பதில்லை, ஊறப்போடுகிறோம் அல்லவா? அதே கணக்குதான் இங்கேயும். ஆகவே உரிக்கும்போது வருகிற சிக்கல்களில் பெரும்பாலானவை இரண்டே வகை: தண்ணீர் பசைவரை போய்ச் சேரவில்லை, அல்லது பசையைத் தாண்டிச் சுவருக்குள்ளேயே இறங்கிவிட்டது. கீழே சொல்லும் அறிகுறிகளை இந்த இரண்டில் எது என்ற கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கை வைக்கும் முன்

அந்த அறைக்குப் போகும் மின்சாரத்தை மெயின் பலகையிலேயே நிறுத்திவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. ஈரச் சுவரில் உலோகச் சுரண்டியோடு வேலை செய்யப்போகிறோம். சுவிட்சுப் பெட்டியின் மூடிக்குப் பின்னால்கூடத் தாள் மடிந்து போயிருக்கும். வெளிச்சம் வேண்டுமென்றால் வேறு அறையிலிருந்து விளக்கை இழுத்துக்கொள்ளலாம், ஆனால் அந்தக் கம்பியைத் தண்ணீர் சொட்டாத இடமாகப் பார்த்துக் கொண்டுபோங்கள்.

அடுத்தது, உங்கள் சுவரில் இருப்பது எந்த வகை என்று தெரிந்துகொள்வது. விரல் நகத்தால் ஒரு புடைப்பை அழுத்துங்கள். நகம் பஞ்சுபோல் அமுங்கிப் பள்ளம் விழுந்தால் அது நுரைத்த வினைல்: காகிதத்தின் மேல் நுரையாகப் பொங்கவைத்த பிளாஸ்டிக் படலம். உள்ளே அரிசிக் குறுணைபோல் கடினமாக ஏதோ தட்டுப்பட்டால் அது மரச்சீவல் தாள். ஜெர்மனியில் ஹூகோ எர்ஃபூர்ட் என்ற மருந்தாளுநர் 1864இல் உருவாக்கியது இது. முதலில் கடைகளின் காட்சிச் சன்னல்களை அலங்கரிக்கத்தான் பயன்பட்டது. இரண்டு காகித அடுக்குகளுக்கு நடுவே மரத்தூளும் சீவலும் வைத்து ஒட்டப்பட்டிருக்கும். இந்த இரட்டை அடுக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

காகிதமே அச்சில் அழுத்தப்பட்டுப் பூவும் கொடியுமாகப் புடைத்திருந்தால் அது அனக்ளிப்டா வகை. 1887இல் பிரிட்டனில் தாமஸ் பால்மர் காகிதக்கூழைக் கொண்டு இதை உருவாக்கினார். அவர் வேலை பார்த்தது லின்க்ரஸ்டா என்னும் மற்றொரு புடைப்புத் தாளை விற்ற நிறுவனத்தில். லின்க்ரஸ்டாவோ, லினோலியம் தரைவிரிப்பைக் கண்டுபிடித்த ஃபிரெடரிக் வால்டன் 1877இல் கொண்டுவந்தது. ஆளிவிதை எண்ணெயால் இறுகிய, மரம்போல் கெட்டியான பரப்பு. உங்கள் வீடு நூறு ஆண்டைத் தாண்டியதாக இருந்து, நகம் சற்றும் இறங்காத புடைப்பு வேலை சுவரின் கீழ்ப்பாதியில் ஓடினால் அது லின்க்ரஸ்டாவாக இருக்கலாம். அதை எடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். தண்ணீருக்கு எளிதில் மசியாது. பெயர்த்தால் சுவரும் கூடவே வரும். போனால் அந்த வேலைப்பாடு திரும்பக் கிடைப்பதும் அரிது. துடைத்து, பெயின்ட் அடித்து, அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் உண்டு. தாளின் மேல் பழைய பெயின்ட் இருந்தால் அதில் ஈயம் இருக்கக்கூடும். அமெரிக்காவில் வீடுகளுக்கான ஈயப் பெயின்ட் தடைசெய்யப்பட்டதே 1978இல்தான். பெயின்டின் வயது தெரியாதபோது உலர்ந்த நிலையில் தேய்ப்பதும் உப்புத்தாள் போடுவதும் கூடாது. சிறு குழந்தைகளோ கர்ப்பிணிகளோ இருக்கும் வீட்டில் முதலில் பரிசோதித்துவிடுங்கள்.

அறிகுறி: தண்ணீர் முத்து முத்தாக உருண்டு கீழே ஓடிவிடுகிறது

அதிகம் பேரை வீழ்த்துவது இதுதான். தெளிப்பானால் அடிக்கிறோம், சுவர் நனைந்ததுபோல் மினுங்குகிறது, தரையில் குளம் கட்டுகிறது, தாள் மட்டும் உலர்ந்தே இருக்கிறது. மேற்பரப்பு வினைலாக இருக்கலாம். அல்லது தாளின் மேல் காலம் காலமாகப் பெயின்ட் அடித்திருக்கலாம்.

வினைல் என்றால் தண்ணீரைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். மேல் மூலையில் கத்தி முனையைக் கொடுத்து ஓரத்தைக் கிளப்பி, இரண்டு கையாலும் பிடித்துக் கீழ்நோக்கி மெதுவாக இழுங்கள். சுவரிலிருந்து நேராக வெளியே இழுக்கக் கூடாது. வாழைப்பழத் தோலை உரிப்பதுபோல் தாள் தன்மேலேயே மடிந்து, சுவரை ஒட்டியபடியே இறங்க வேண்டும். பல நேரங்களில் மேல் படலம் முழுப் பட்டையாக வந்துவிடும். அடியில் மெல்லிய வெள்ளைத் தாள் தங்கும். அது இருப்பது நல்லதே. அடுத்த அறிகுறியில் அதைப் பார்ப்போம்.

பெயின்ட் அடித்த மரச்சீவல் தாள்தான் உண்மையான உழைப்பைக் கேட்கும். நான் முதன்முதலில் உரித்த அறையில் அதன்மேல் ஐந்து பூச்சுகள் இருந்தன. துண்டின் ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது வெண்மை, இளமஞ்சள், பச்சை, மறுபடி வெண்மை, கடைசியாகப் பளபளக்கும் எனாமல் என்று வெங்காயத் தோல்போல் தனித்தனியாகத் தெரிந்தது. அந்த ஐந்தில் தண்ணீரை நிறுத்தியது கடைசி ஒன்று மட்டுமே. அதைத் திறந்துவிட்டால் போதும்.

திறக்க மூன்று வழிகள் உண்டு. முதலாவது, அகலமான பட்டித் தகட்டைச் சுவரோடு கிட்டத்தட்டப் படுக்கவைத்து, சீவல்களின் தலையை மட்டும் தட்டிவிடுவது. ஒவ்வொரு சீவலும் போகும் இடத்தில் பெயின்டும் சேர்ந்து போய், வெறும் காகிதம் ஒரு சின்ன வாயாகத் திறக்கும். உள்ளங்கையால் தடவினால் சொரசொரப்பு குறைந்து பொத்தல் பொத்தலாகத் தெரியும். ஈயம் இல்லை என்று உறுதியானால் மட்டுமே இதைச் செய்யலாம்; அப்போதும் முகக்கவசம் வேண்டும். இரண்டாவது, முள் சக்கரம் பொருத்திய துளைக்கருவியை வட்ட வட்டமாக உருட்டுவது. அழுத்தம் குறைவாகவே இருக்கட்டும். முள் தாளைத் துளைக்க வேண்டுமே தவிரச் சுவரைத் தொடக் கூடாது. ஒரு சதுர அடியில் உருட்டிவிட்டு அந்தத் தாளைக் கிளப்பிப் பாருங்கள். சுவரில் புள்ளி விழுந்திருந்தால் கை கனத்துவிட்டது என்று பொருள். மூன்றாவது, 40 எண் உப்புத்தாளால் எனாமலின் பளபளப்பைக் கீறிவிடுவது. இதற்கும் ஈய எச்சரிக்கை பொருந்தும்.

பிறகு தண்ணீர். கை பொறுக்கும் அளவு சூடான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டுக்கொள்ளுங்கள். சோப்பு தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கும். முத்தாகத் திரண்டு உருளாமல் படர்ந்து துளைகளுக்குள் இறங்கும். தெளிப்பானைவிடப் பெயின்ட் உருளையால் தடவுவது மேல், பாதி தண்ணீர் காற்றிலும் தரையிலும் வீணாகாது. வினிகரும் துணி மென்மையாக்கும் திரவமும் நன்றாக வேலை செய்வதாகச் சிலர் சொல்வார்கள். செய்யும், ஆனால் சோப்பை விடப் பெரிதாக எதையும் சாதிப்பதை நான் பார்த்ததில்லை. உண்மையில் உதவும் ஒன்று உண்டு: தண்ணீரில் ஒரு கைப்பிடி செல்லுலோஸ் வால்பேப்பர் பசைத் தூளைக் கரைத்துவிடுங்கள். ஒட்டியதை எடுக்க ஒட்டும் பசையா என்று வியப்பாக இருக்கும். தண்ணீர் நீர்த்த கஞ்சிபோல் ஆகிச் சுவரிலிருந்து வழியாமல் நிற்கும். ஊறும் நேரம் பல மடங்காகும்.

தடவி 10 நிமிடம், மறுபடி தடவி 10 நிமிடம், மூன்றாவது முறையும் அப்படியே. மின்விசிறி வேண்டாம், சன்னலையும் சாத்தி வையுங்கள். மெல்லிய பிளாஸ்டிக் விரிப்பைச் சுவரில் படியவைத்தால் இன்னும் நல்லது. ஊறியதா என்று அறியக் கடிகாரத்தைவிடக் காதே போதும்: சுரண்டி உலர்ந்த தாளில் ‘கரகர’ என்று இழுபடும், ஊறிய தாளின் அடியில் புகுந்தால் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். பழைய புளித்த கஞ்சியின் வாடை மூக்கில் ஏறினால் பசை கரைந்துவிட்டது என்று நம்பலாம்.

அறிகுறி: மேல்தாள் அழகாக வந்துவிட்டது, அடியில் வெள்ளைத்தாள் ஒட்டிக்கொண்டே இருக்கிறது

இது கோளாறே இல்லை. உலர்ந்த நிலையில் இதைச் சுரண்டுவதுதான் கோளாறு. காகிதத்தை மூடியிருந்தது போய்விட்டதால் இப்போது தண்ணீரை ஸ்பாஞ்சுபோல் குடிக்கும். இரண்டு முறை நனைத்து கால் மணி நேரம் விட்டால் பட்டை பட்டையாக வழித்துவிடலாம்.

இந்தத் தாளின் மேலேயே பெயின்ட் அடித்துவிடலாமே என்று தோன்றும். ஓரங்கள் எல்லாம் உறுதியாக ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தபின் புதிய தாள் ஒட்டலாம். பெயின்ட் வேண்டாம், பெயின்டின் ஈரத்தில் இந்தத் தாள் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பக்கூடும்.

அறிகுறி: நனைகிறது, ஆனால் துண்டு துண்டாகத்தான் வருகிறது

மூன்று காரணங்கள் இருக்கலாம். அவசரம் முதலாவது. மரச்சீவல் தாளின் வெளியடுக்கு மட்டும் ஊறி, சீவலோடு கூழாக வந்துவிடும். உள்ளடுக்கு உலர்ந்தபடி சுவரில் நிற்கும். அதைத் தனியாக மறுபடி நனைக்க வேண்டும். ஒரே வீச்சில் இரண்டையும் எடுக்கப் பார்ப்பவர்தான் சுவரைக் கொத்திவிடுகிறார்.

இரண்டாவது, தாளின் அடியில் இன்னொரு தாள். பழைய வீடுகளில் மூன்று நான்கு அடுக்குகள்கூட இருக்கும். ஒரு மூலையில் நன்றாக நனைத்துக் கத்தியால் அடுக்கடுக்காகக் கிளப்பி எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை தெரிந்தால் எதிர்பார்ப்பும் நேரக்கணக்கும் சரியாகும்.

மூன்றாவது, பெரிய பரப்பை ஒரேயடியாக நனைப்பது. சுரண்டிக்கொண்டே கடைசி மூலைக்கு வருவதற்குள் அது காய்ந்திருக்கும். ஒரு மீட்டர் அகலத்தை மூன்று பட்டைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: ஒன்றைச் சுரண்டும்போது அடுத்தது ஊறட்டும், மூன்றாவதைத் தடவிவிடுங்கள்.

சுரண்டியையும் ஒருமுறை பாருங்கள். தகட்டின் இரண்டு மூலைகளையும் அரத்தால் லேசாக உருட்டிவிட்டால் சுவரில் வடு விழுவது பாதிக்கு மேல் குறையும். இரண்டு நிமிட வேலை. பட்டி பார்க்கும்போது அதன் அருமை தெரியும்.

அறிகுறி: தாளோடு சுவர்ப்பூச்சும் பெயர்ந்து வருகிறது

இங்கே தண்ணீர் எல்லை தாண்டிவிட்டது. தண்ணீர் தடவுவதற்குப் பதிலாக, சுவரில் வைக்கும் ஒரு தட்டு வழியாக நீராவி விட்டுத் தாளை ஊறவைக்கும் கருவியைச் சிலர் பயன்படுத்துவார்கள். அந்த நீராவிக் கருவியை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டே நிற்பதுதான் வழக்கமான காரணம். அரை நிமிடம் போதும், தடித்த தாளுக்கு ஒரு நிமிடம். பிறகு தட்டை நகர்த்திவிட வேண்டும். அதற்கு மேல் வெப்பமும் ஈரமும் பூச்சுக்குள் போய் அதன் பிடிப்பைத் தளர்த்திவிடும்.

பூச்சு ஏற்கெனவே உள்ளே விட்டுப்போயிருந்து, இத்தனை நாள் வால்பேப்பர்தான் அதைத் தாங்கிப் பிடித்திருந்தது என்பதும் நடக்கும். விரல் மூட்டால் சுவரைத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான இடத்தில் சத்தம் உள்ளடங்கியிருக்கும். விட்டுப்போன இடத்தில் காலிப் பானையைத் தட்டியதுபோல் கேட்கும். அந்த இடங்களைப் பென்சிலால் வட்டமிட்டு வையுங்கள். அங்கே நீராவி வேண்டாம். துணியால் நனைத்து, கையால் உரியுங்கள். உள்ளங்கை அளவுப் பொள்ளல் என்றால் கொத்திவிட்டுப் பட்டி வைத்து அடைக்கலாம். சுவரின் பெரும்பகுதி அப்படிக் கேட்டால் வால்பேப்பர் வேலையை நிறுத்தி, பூச்சு வேலை தெரிந்தவரை அழைப்பதுதான் முறை.

நீராவிக் கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. தலைக்கு மேல் பிடிக்கும்போது தட்டிலிருந்து சொட்டும் கொதிநீர் முழங்கை வழியாக உள்ளே ஓடும். முழுக்கைச் சட்டை, தடித்த கையுறை, கண்ணாடி மூன்றும் வேண்டும். தண்ணீர் தீர்ந்துவிட்டதென்று சூடாக இருக்கும்போதே மூடியைத் திறக்காதீர்கள்.

அறிகுறி: பழுப்பு நிறக் காகிதம் தெரிகிறது

உங்கள் சுவர் ஜிப்சம் பலகை. தெரிவது அந்தப் பலகையின் மேல்தோல். அந்தக் காகிதம்தான் பலகைக்கு வலிமை. உடனே நிறுத்துங்கள்.

நன்றாக உலரவிட்டு, கிழிந்த இடத்தின் தொங்கும் ஓரங்களைக் கூர்மையான கத்தியால் வெட்டி எடுத்து, லேசாக உப்புத்தாள் போட்டு, ஷெல்லாக் (அரக்கு) அல்லது எண்ணெய் அடிப்படையிலான பிரைமரால் மூடுங்கள். அதன் பிறகுதான் பட்டி. பிரைமர் இல்லாமல் பட்டியை நேராக வைத்தால் அதிலுள்ள தண்ணீரே காகிதத்தைக் குடையாகக் கிளப்பிவிடும்.

ஒரு சதுர அடியில் இப்படி மூன்று நான்கு இடம் கிழிந்தால், பலகைக்குப் பிரைமர் அடிக்காமலேயே அன்று தாளை ஒட்டியிருக்கிறார்கள். எவ்வளவு பொறுமையாக இருந்தாலும் இரண்டும் பிரியாது. மீதித் தாளைச் சுவரிலேயே விட்டுவிட்டு, புடைப்புகளை மட்டும் சீவி, முழுச் சுவரையும் அதே பிரைமரால் மூடி, மெல்லிய பட்டி இழுத்துச் சமன்செய்துவிடுவது நல்லது. பலகையைக் காப்பாற்றும் வழி இதுதான்.

அறிகுறி: எவ்வளவு ஊறினாலும் அசையவில்லை, தாளின் இணைப்புக் கோடும் தென்படவில்லை

வால்பேப்பர் என்றால் ஏறக்குறைய அரை மீட்டருக்கு ஒரு செங்குத்து இணைப்பு இருந்தாக வேண்டும். கைவிளக்கைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் பெயின்டுக்கு அடியிலும் அந்தக் கோடு நிழலாகத் தெரியும். அப்படி எதுவுமே இல்லையென்றால், அது தாளே இல்லாமல், குழைத்துப் பூசி வடிவம் கொடுத்த புடைப்புப் பூச்சாக இருக்கலாம். இந்தப் பூச்சுகளில் ஒரு காலத்தில் ஆஸ்பெஸ்டாஸ் இழை சேர்த்தார்கள். பிரிட்டனில் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் முழுமையாகத் தடைசெய்யப்பட்டது 1999இல்தான். சில பழைய வினைல் தாள்களின் அடிப்பரப்பிலும் அது இருந்ததுண்டு.

இழைகள் கண்ணுக்குத் தெரியாது. நுரையீரலில் போய்த் தங்கினால் பல பத்தாண்டுகள் கழித்து நோயாக வரும். ஆகவே சுரண்டவும் வேண்டாம், துளைக்கவும் வேண்டாம். மாதிரி எடுத்துச் சோதனைக்கூடத்தில் பார்க்கத் தெரிந்தவரிடம் ஒப்படையுங்கள். முடிவு வரும்வரை அந்தச் சுவரைத் தொடாமல் விடுவதால் எந்த இழப்பும் இல்லை.

அறிகுறி: அடியில் கரும்புள்ளிகள், மக்கிய வாடை

வினைல் தாள் ஈரத்தை வெளியே விடாது. சுவரில் ஓதம் ஏறினாலும், எங்கோ குழாய் கசிந்தாலும், அது தாளுக்குப் பின்னால் அடைபட்டுப் பூசணம் பிடிக்கும். ஓர் ஆள் கை விரித்தால் மறையும் அளவுக்குக் குறைவாக, ஏறக்குறைய 10 சதுர அடிக்குள் இருந்தால் நீங்களே சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி நன்றாக உலர்த்தலாம்; முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். அதற்கு மேல் பரவியிருந்தால் அதற்கென்றே இருப்பவர்களை அழையுங்கள். பிளீச்சிங் திரவத்தை வினிகரோடும் அமோனியாவோடும் ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும். ஈரம் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்காமல் புதுப் பெயின்ட் அடிப்பது வீண்செலவு.

அறிகுறி: எல்லாம் போய்விட்டது, ஆனால் புதுப் பெயின்ட் வெடிக்கிறது

சுவர் பார்க்கச் சுத்தமாக இருக்கும். பசையின் மெல்லிய படலம் அதில் தங்கியிருக்கும். எமல்ஷன் பட்டதும் அது மறுபடி ஊறி, பின் சுருங்கி, பெயின்டை ஆமை ஓடுபோல் பிளந்துவிடும். இதை முன்கூட்டியே அறிய ஈர விரலால் சுவரைத் தேய்த்துப் பாருங்கள். மீன் செதிலைத் தொட்டதுபோல் வழவழத்தால் பசை இருக்கிறது. காயத்துக்குப் போடும் அயோடினைத் தண்ணீரில் கலந்து தெளித்தால் மாவுப்பசை உள்ள இடம் நீலக்கறுப்பாக மாறும். செல்லுலோஸ் பசைக்கு இந்த நிறமாற்றம் வராது, அதனால் விரல் சோதனையை விட்டுவிடாதீர்கள்.

வெந்நீரும் ஸ்பாஞ்சும் கொண்டு மேலிருந்து கீழாகக் கழுவுங்கள். இரண்டு வாளி வேண்டும், ஒன்றில் அலசவும் ஒன்றில் புதுத் தண்ணீருக்கும். ஒரே வாளியில் செய்தால் பசையைச் சுவர் முழுவதும் பரப்பிவிடுவோம். அலசும் தண்ணீர் கலங்காமல் வரும்வரை தொடருங்கள். ஜிப்சம் பலகையானால் ஸ்பாஞ்சை இறுக்கிப் பிழிந்து, ஈரத்துணி அளவிலேயே துடையுங்கள். ஏற்கெனவே வெடித்துவிட்டதென்றால் அந்தப் பெயின்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் கழுவ முடியும்.

கழுவும்போது மேலிருந்து கீழாக நேராக இறங்கும் ஒரு கோடு சுவரில் தென்படலாம். தாள் ஒட்டியவர் தூக்குக்குண்டு பிடித்துப் போட்ட முதல் கோடு அது. பென்சிலில் இருந்தால் கவலையில்லை. பேனா மையில் போட்டிருந்தால் மட்டும், கறை மறைக்கும் பிரைமரை அதன்மேல் ஒரு கை தடவிவிடுங்கள். இல்லையென்றால் எத்தனை பூச்சு எமல்ஷன் அடித்தாலும் அந்த நீலக்கோடு மேலே வந்துகொண்டே இருக்கும்.